ஒரு ரிங் போதாது

மேடத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் கத்தி இருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர வந்திருந்தேன். சாம்பிள் ரூமில் மேடம் இருப்பார், போய்ப் பார் என்று அனுப்பினார்கள். கதவைத் தள்ளினால், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நின்றுகொண்டு, மேசையில் வரிசையாக இருந்த புத்தம் புது ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கே கீறிக்கொண்டிருந்தார். பழுப்பு நிறம், முகம் தெரியும் பளபளப்பு. எங்கள் தெருவில் ஒருவரும் காலில் போட்டிராத ஷூ. கத்தி சர்ரென்று இறங்கியபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா அப்டிப் பாக்கற? பையர் வேணான்னுட்டான். கீறாம வுட்டா நாளைக்கே பஜார்ல விப்பாங்க."

வெளிநாட்டுக்காரன் பெயர் பதித்த சரக்கை அவன் வேண்டாம் என்றால் அப்படி வெட்டித்தான் போட வேண்டும். தோல் ஊர்களில் எல்லாக் கம்பெனிக்கும் அது வழக்கம். ஆனால் அந்த வேலைக்குத் தனியே ஆள் உண்டு. மேடம் தன் கையாலேயே செய்தார். அந்த மாடலை மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கியவரும் அவர்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. தெரிந்தபோது இன்னொரு முறை அதிர்ந்தேன்.

சாம்பிள் ரூம் மாஸ்டர் ஒரு பாய். பல வருடங்களாக மேடத்தோடு வேலை பார்ப்பவர். டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "அந்தம்மா ஒண்ண வுட்டா வுட்டதுதாம்மா. வேலூர்ல இருந்து இங்க வூடு மாத்தும்போது ஒரு பொட்டியோட வந்துச்சு. கட்டிலு, பீரோ, சொவுத்துல இருந்த கடிகாரம், எல்லாத்தையும் பக்கத்து வூட்டுக்காரங்களுக்குக் குடுத்துட்டு வந்துடுச்சு. ஏன் மேடம்னு கேட்டேன். பழசு கூடவே வந்தா இன்னாத்துக்கு மாறணும்ங்குது."

நான் சேர்ந்த பிறகும் அப்படி ஒன்று நடந்தது. மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் ஏதோ மனஸ்தாபம். முன் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த மேடம், அடுத்த வாரமே வேறு ஊர்க் கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே தனக்குப் பாட வரும் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து அந்தக் கோவில்காரர் ஒருவர் ஆபீசுக்கு வந்திருந்தார். மேடத்துக்குப் பாட்டு வரும் என்று நான் சொன்னதும் அவர் வாய் பிளந்தார். மேடம் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு ஊர் திமிரிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பெயரைச் சொன்னால் இனிஷியலோடுதான் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு அந்தக் கம்பெனியில் இருந்த பெரிய பெருமை, மேடம் தினமும் காலையில் என்னைக் கூப்பிடுவார் என்பது. ஹாஸ்டலில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். "கெளம்பிட்டியா? இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன். நல்ல புடவையா கட்டிக்கினு வா." அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் மற்ற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மெதுவாகப் பேசுவது போல் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன்.

மேடத்தின் போன் அப்போது கிழடு தட்டியிருந்தது. ஐந்தாம் நம்பர் பட்டன் பிய்ந்து போய், பேனா முனையால் அழுத்துவார். ஜெர்மனிக்காரன் அனுப்பும் மெயிலைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மேசைக்கு ஓடி வர வேண்டியிருந்தது. புதுசு வாங்கலாம் என்று முடிவு செய்து, எது நல்லது என்று விசாரிக்கச் சொன்னார்.

நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவர் வைத்திருந்த அதே கம்பெனியின் பெரிய மாடல். அதே மெனு, அதே சார்ஜர். இன்னொன்று, வெளிநாட்டு பையர்கள் கையில் வைத்திருக்கும் போன். அடியில் எழுத்துக்கொரு பட்டனாக முழு கீபோர்டு. மெயில் வந்தால் அந்த நொடியே கையில் துடிக்கும். ஆனால் அதன் சிஸ்டமே வேறு. பழைய போனில் பழகியது எதுவும் அதில் உதவாது.

மாஸ்டர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். "பட்டனே இல்லாத போன் வந்துருக்காமே மேடம். கண்ணாடி மேல தடவுனா வேல செய்யுதாம். தோலைத் தடவிப் பாத்தே கிரேடு சொல்றீங்க. உங்களுக்கு அதான் ஜோடி."

"தோலு பொய் சொல்லாது பாய். கண்ணாடிய நம்ப முடியாது," என்றார் மேடம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் இளைஞர். இரண்டு போனையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் படித்து வந்ததை எல்லாம் சொன்னேன். பேட்டரி எதில் அதிக நேரம் நிற்கும், போட்டோ எதில் தெளிவு. மேடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கடைக்காரரைக் கேட்டார்.

"இதுல இன்னா கஷ்டம்? கஷ்டத்த மட்டும் சொல்லு தம்பி."

"உண்மைய சொல்லிடறேன் மேடம். நீங்க வச்சிருக்கற கம்பெனி போன்னா பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சா போதும், நம்பரு பூரா தாவிடும். இந்த கீபோர்டு போனுக்கு உங்க பழைய போனோட பாஷ தெரியாது. நம்பரு எல்லாம் குந்திக்கினு கையால அடிக்கணும். பேஜாரு."

"அப்ப ஒண்ணும் வராதா?"

"வராது மேடம்."

"ஒருத்தரும்?"

"சிம்முல கொஞ்சம் இருந்தா அது வரும்."

"சிம்முல இருக்கறதையும் அழிச்சிடு. இதையே குடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். குறை என்ன என்று கேட்டு, அந்தக் குறைக்காகவே ஒரு பொருளை வாங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மேடம், நான் அடிச்சித் தர்றேன். ஞாயித்துக்கிழம ஒரு நாள் போதும்," என்றேன்.

"உன்ன யாரு கேட்டா?" பழைய போனை எடுத்துப் பேனா முனையால் எதையோ தேடினார். "இதுக்கு முன்னாடியும் போன் மாத்தியிருக்கேன். ஒவ்வொரு தரமும் எல்லாரும் தானா கூடவே வந்துட்டாங்க. ஒருத்தராச்சும் என்னைத் தேடி வந்தாங்களான்னு எனக்குத் தெரியாமலே போச்சி. கூப்பிடறது பூரா நானு. பொறந்த நாளா நானு, ஒடம்பு சரியில்லியா நானு. இந்தத் தரம் யாரு கூப்பிடறாங்களோ அவங்க பேர ஏத்திக்கறேன். நம்பரு மாறலியே. அதே நம்பருதான். கூப்பிடட்டும்."

"மேடம், பழசுல அழிச்சிட்டா திரும்பி வராது," என்றார் கடைக்காரர். "ஒரு தரம் யோசிச்சிக்கோங்க."

அழிக்கவா என்று போன் கேட்டதற்கு, மேடமே பேனா முனையால் 'ஆம்' என்று அழுத்தினார். கத்தி இறங்கும்போது கேட்ட அந்தச் சர்ரென்ற சத்தம் இல்லை. மற்றபடி அதே முகம்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை தலை பின்னினேன். போன் அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை. என் நம்பரும் அந்த அழிப்பில் போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆபீசில் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தானாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் போய் என்னைக் கூப்பிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? புதன்கிழமை காலையில் நானே கூப்பிட்டேன்.

"யாரு பேசறது?"

என் குரல் அவருக்குத் தெரியாதா?

"நான்தான் மேடம்."

"நான்தான்னா யாரு? பேர சொல்லு, போடறேன்."

இனிஷியல் இல்லாமல் வெறும் பெயரைச் சொன்னேன். பட்டன்கள் அமுங்கும் சத்தம் கேட்டது. "சரி. கெளம்பிட்டியா?" என்றார், எதுவுமே நடக்காத மாதிரி.

அந்தப் போனில் பெயர்கள் ஏறிய வரிசையைப் பார்த்து மாஸ்டருக்கும் எனக்கும் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. முதலில் ஏறியவர் சாயம் விற்கும் ஏஜென்ட். அடுத்து, கடன் வேண்டுமா மேடம் என்று கேட்கும் பேங்க் பெண். கோழிக்கடையா என்று தப்பாகக் கூப்பிட்ட ஒருவர், மறுநாளும் கூப்பிட்டு, "கோழிக்கடை இல்லீங்களா?" என்றார். அவரையும் 'கோழி' என்று போட்டு ஏற்றிக்கொண்டார் மேடம்.

"அவரு ராங் நம்பர் மேடம்," என்றேன்.

"ரெண்டு தரம் கூப்பிட்டாரு. உன்ன வுட ஜாஸ்தி."

வருடக்கணக்கில் கூடவே இருந்த சிநேகிதிகள், முன்பு ஒரே கோவிலில் பாடியவர்கள், சொந்தக்காரர்கள் எனப் பலர் அந்தப் போனுக்குள் வரவேயில்லை. மேடம் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் இந்தம்மா கூப்பிடுவதில்லை என்று அவர்கள் எங்கேயாவது யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். யோசித்தவர்களும் கூப்பிடவில்லை.

அந்த வேளையில்தான் வெள்ளைத் தோல் வந்தது. ஆட்டுத் தோலில் மிக மெல்லிய ரகம், கையில் எடுத்தால் துணி போல் மடியும். மேடம் அதில் ஒன்றைத் தனியே எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தார். தம்பி மகளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுத்துவார்கள். ஷூ அத்தை வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது மேடத்தின் முடிவு.

"அளவு மேடம்?"

"வரும்."

"போன வருச அளவு இருக்கு."

"பிள்ள வளராதா பாய்? கடிக்கிற ஷூவோட பீடத்துக்குப் போய் நிக்கவா?"

அளவு சோளிங்கரில் இருந்தது. தம்பிக்கு அங்கே ஜெராக்ஸ் கடை, வீடு, ஒரு கார். அம்மா போன பிறகு அவரை வளர்த்துப் படிக்க வைத்தது மேடம்தான் என்று மாஸ்டர் சொன்னார். பத்து நாளில் புதுநன்மை. தம்பி இன்னும் கூப்பிடவில்லை. அந்தக் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியாமல் வெள்ளைத் தோல் மாஸ்டரின் அலமாரியில் கிடந்தது.

ஒரு மத்தியானம் மேடமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் ஒரு ரிங் அடித்து நின்றது. மேடம் திரையைப் பார்த்தார். வெறும் நம்பர். திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

"யாரு மேடம்?"

"தம்பி."

"அப்ப கூப்பிடறாருல்ல?"

"இது கூப்பிடறதா? ஒரு ரிங்கு விட்டு வச்சிடுவான். நான் திருப்பிக் கூப்பிடணும். அவன் போன் வாங்கின நாள்ல இருந்து இப்படித்தான். புது போன் வந்த பெறகு வாரம் ரெண்டு தரம் அடிக்குது."

"அவரு நம்பரு உங்களுக்கு…"

ஒரே மூச்சில் பத்து எண்களையும் சொன்னார். "மறக்கறதா? அந்த சிம்மே நான் வாங்கிக் குடுத்தது."

நம்பர் மறந்துபோனதால்தான் இத்தனை நாளாகக் கூப்பிடாமல் இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலைக்குள் அது அப்படியே இருந்தது. தம்பி கூப்பிட்டது தெரிந்தும், என்ன வேண்டுமென்று தெரிந்தும், நாள் நெருங்குவது தெரிந்தும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், எங்க ஊர்ல ஒரு ரிங்கு விட்டா பேசுன மாதிரிதான். நான் ஹாஸ்டல் வந்து சேந்ததும் பக்கத்து வூட்டு அக்கா போனுக்கு ஒரு ரிங்கு விடுவேன். அவங்க சொவுத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து, பொண்ணு போய்ச் சேந்துட்டான்னு எங்கம்மா கிட்ட சொல்லுவாங்க. ஒரு ரிங்குலயே எங்க வூட்ல எல்லாரும் தூங்கிடுவாங்க. உங்க தம்பியும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருப்பாரு. அக்கா கிட்ட சொல்லிட்டோம்னு."

மேடம் மோரைக் குடித்து முடித்தார்.

"உங்க வூட்ல ரிங்கு அடிச்சா யாரும் எந்திரிக்க வேணாம். அவங்க நிம்மதியா படுக்கறதுக்கு நீ விடற ரிங்கு அது. இவன் ரிங்கு விட்டா நான் எந்திரிக்கணும். ரெண்டும் ஒண்ணாம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண் குழந்தையின் நாளை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சை தேவையா என்று கேட்க வாய் வரை வந்தது.

"அவன் வாயால கூப்பிடாம அத்தைன்னு போய் நான் எங்க குந்தறது?" என்றார் மேடம், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "கடைசி பெஞ்சிலயா?"

அடுத்த வாரம் வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. சாப்பாட்டுக்கு முன் மாஸ்டர் வெள்ளைத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு மேடத்தின் கேபினுக்கே வந்துவிட்டார்.

"மேடம், இன்னைக்கு அளவு வந்தா சனிக்கிழம ஷூ. நாளைக்கு வந்தா நான் தைக்கறேன், பசை காயறதுக்கு அல்லாதான் வெயில் குடுக்கணும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"சரி பாய்."

"இன்னா சரி? ஒரு போன் பண்ணா முடிஞ்சிது. நீங்க பண்ண வேணாம், நம்பர சொல்லுங்க, நான் பண்றேன்."

"நீங்க பண்ணா அது உங்க ஷூ ஆயிடும்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவுக்கு எதிர்ல குந்தியிருக்கியே, எப்டிம்மா உனக்கு தல நரைக்கல?"

அப்போது போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

மூவருமே அதைப் பார்த்தோம். திரையில் வெறும் நம்பர். மேடம் அசையவில்லை. மாஸ்டர் தோளில் இருந்த தோலைச் சுருட்டத் தொடங்கினார், போய்விடலாம் என்பது போல.

மறுபடி அடித்தது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. கண்ணாடி மேசை மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து இடம் மாறிக்கொண்டே அடித்தது. அதே நம்பர்.

"எடுங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

மேடம் இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். போனுக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. விரல் போகவில்லை. போன் நகர்ந்து நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்தது. விழுந்துவிடும் என்று நான் கை நீட்டினேன். அவர் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து கேபினில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நாள்கணக்காக எதற்காகக் காத்திருந்தாரோ அது கண் முன்னால் அடித்து ஓய்கிறது, இந்தப் பெண்மணி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி வரை அடித்து, நின்றது.

"யா அல்லா," என்று மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மேடம்?" என்றேன். "அவரே கூப்பிட்டாரு. ஏன் எடுக்கல?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"எடுத்திருந்தா பாதியில நின்னிருக்கும்மா. முழுசா அடிக்க வுடுவானான்னு நான் பாக்க வேணாமா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். இரண்டு கட்டை விரலாலும் பெயரை அடித்து ஏற்றினார். பிறகு பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் முதல் ரிங்கிலேயே எடுத்திருக்க வேண்டும். ஏதோ வேகமாகச் சொல்லும் ஆண் குரல் எங்களுக்கும் லேசாகக் கேட்டது. மேடம் குறுக்கே பேசினார்.

"கேக்குது, கேக்குது. ஞாயித்துக்கிழமன்னு தெரியும். அதெல்லாம் அப்புறம். மொதல்ல பாப்பாவ கூப்பிட்டு, வெறுங்கால ஒரு பேப்பர் மேல வச்சி பென்சிலால சுத்தி வரை. ரெண்டு காலும். நிக்க வச்சி வரை. குந்த வச்சி வரைஞ்சா அளவு கம்மியா வரும்."

மாஸ்டர் எழுந்து தோலை மேசை மேல் விரித்தார்.

"பாயி காத்துக்கினு இருக்காரு," என்றார் மேடம் போனில். "பஸ்சுல எவன் கிட்டயும் குடுத்து அனுப்பாத. நீயே எடுத்துக்கினு வா."